அடிமுதுகு சொன்ன சேதி: ஒரு தலைப்பிரசவத்தின் நிகழ்வு ஆய்வு

“வயிறு அவ்வளவாக வலிக்கவில்லை மிஸ்ஸி. அடிமுதுகுதான் பிளக்கிறது.”

பிரசவ வார்டுக்கு வந்த அந்தப் பெண், தாதியான என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் இது. என்னுடன் இருந்த பயிற்சி மாணவி அதைச் சேர்க்கைப் படிவத்தில் மலாய் மொழியில் இரண்டே சொற்களில் எழுதினாள்: பிரசவ வலி. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் தாய் வாயைத் திறந்து கொடுத்த தகவலில் பாதி அந்த இரண்டு சொற்களுக்குள் காணாமல் போயிற்று. அந்தப் பாதி என்ன, அது பிரசவத்தின் போக்கை எப்படி முன்கூட்டியே காட்டியது என்பதற்காகவே இந்த நிகழ்வை எழுதுகிறேன். நம் மாணவிகள் பாடத்தை மலாயிலும் ஆங்கிலத்திலும் படிக்கிறார்கள். ஆனால் தோட்டத்துத் தாய் வலியில் பேசுவது தமிழில். இரண்டையும் இணைக்க வேண்டியவள் கட்டிலருகே நிற்கும் தாதிதான்.

அடையாளம் தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவமனையின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங்கைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்கள். சிறுநகரின் கடைவீதியைத் தாண்டி ஐந்து நிமிடம் வண்டி ஓட்டினால் இருபுறமும் பனை வரிசை தொடங்கிவிடும். அந்தப் பெண் அங்கே ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவர். வயது 24. கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுநர். இது முதல் கர்ப்பம், 39 வாரமும் 4 நாளும். உயரம் 153 சென்டிமீட்டர். தாய்சேய் நல கிளினிக்கில் தவறாமல் காட்டியிருக்கிறார். இரத்த அழுத்தம் சீராக இருந்தது, சர்க்கரை இல்லை, கடைசியாகப் பார்த்த ஹீமோகுளோபின் 10.8. நம் நாட்டில் கர்ப்பகாலப் பதிவேட்டில் சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை என்று ஆபத்தின் அளவுக்கேற்ப வண்ண ஒட்டு இடுகிறோம். இவருடையதில் பெரிய ஆபத்தைக் காட்டும் ஒட்டு எதுவும் இல்லை. தலைப்பிரசவம் என்பதால் மருத்துவமனையில் பெற வேண்டும் என்று பதிவேட்டில் குறிக்கப்பட்டிருந்தது.

முந்தைய இரவு 11 மணிக்கு வலி தொடங்கியது. விட்டு விட்டு வந்தது. வீட்டில் இருந்த பாட்டி சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். பொய்வலியானால் அடங்கும், மெய்வலியானால் வலுக்கும் என்பது அவர் கணக்கு. கஷாயம் வலியை முடிவு செய்வதில்லை. ஆனால் அந்தச் சோதனைக்குள் இருக்கும் எண்ணம் சரியானது: ஓய்வெடுத்து, சூடாக எதையாவது குடித்துக் காத்திருந்தால் பொய்வலி கலையும், மெய்வலி இடைவெளி குறைந்து, நீளம் கூடி, நடந்தாலும் படுத்தாலும் தன் போக்கில் போகும். விடியற்காலை 4 மணிக்கு இரத்தம் கலந்த சளி பட்டது. காலை 8.15க்கு மருத்துவமனையில் இருந்தார்கள்.

முதல் பரிசோதனை: காலை 8.30

எப்போதும் கண்ணால் தொடங்க வேண்டும். அவர் மல்லாந்து படுத்தபோது வயிற்றில் தொப்புளை ஒட்டி ஒரு பள்ளம் தெரிந்தது, ஆழமில்லாத தட்டைப் போல. கையை வைத்தால் நடுவில் முழுக்கச் சின்னச் சின்ன முனைகள்: குழந்தையின் கையும் காலும். முதுகின் வழுவழுப்பு முன்பக்கம் எங்கும் அகப்படவில்லை; வலது விலாவுக்குக் கீழே, பக்கவாட்டில் ஆழமாக அழுத்தியபோதுதான் கிடைத்தது. இதயத் துடிப்பும் அங்கேதான் தெளிவாகக் கேட்டது, நிமிடத்துக்கு 138. இயல்பான அளவு 110 முதல் 160. தலை கீழே, ஐந்தில் மூன்று பங்கு இன்னும் வயிற்றில் தொட்டு உணரும்படி இருந்தது.

மாணவியிடம் கேட்டேன்: “முதுகு பிளக்கிறது என்று ஏன் சொன்னார்?”

அவள் யோசித்தாள். தமிழில் இடுப்புவலி என்றாலே பிரசவவலிதான். அந்தச் சொல் பழகிப்போனதால் முதுகு என்று சொன்னதையும் அதே பெட்டியில் போட்டுவிட்டாள். ஆனால் இந்தப் பெண் இடுப்பு என்று சொல்லவில்லை. வயிறு வலிக்கவில்லை என்று விலக்கி, அடிமுதுகு என்று இடத்தைக் காட்டினார். குழந்தையின் பிடரி தாயின் முன்வயிற்றுப் பக்கம் இருந்தால், கடினமான அந்த எலும்பு முன்பக்கம் இருக்கும். பிடரி பின்னால் இருந்தால், ஒவ்வொரு கருப்பைச் சுருக்கத்திலும் அது தாயின் முதுகெலும்புக்கு அடியில் உள்ள திரிக எலும்பை அழுத்தும். அந்த அழுத்தம்தான் பிளப்பது போன்ற வலி. வயிற்றுப் பள்ளம், முன்பக்கம் அகப்படும் கைகால், விலாப்புறத் துடிப்பு, அடிமுதுகு வலி: நான்கும் ஒரே சேதியைச் சொன்னன. குழந்தை பின்பிடரி நிலையில் இருந்தது. பிடரி தாயின் வலப்பக்கம், பின்னால்.

உள்பரிசோதனையில் கருப்பை வாய் 3 சென்டிமீட்டர் விரிந்திருந்தது. முக்கால் பங்கு மெலிந்திருந்தது. பனிக்குடம் உடையவில்லை. தலை, இடுப்புக்கூட்டின் உள்ளே இருபுறமும் துருத்தும் எலும்பு முட்களுக்கு 2 சென்டிமீட்டர் மேலே. பத்து நிமிடத்தில் இரண்டு சுருக்கம், ஒவ்வொன்றும் 30 விநாடி. இது முதல் கட்டத்தின் மந்தப் பருவம், கருப்பை வாய் மெதுவாக விரியும் நேரம். பிரசவ அறைக்குள் சேர்த்துப் படுக்க வைக்கும் நேரம் அல்ல. மந்தப் பருவத்திலேயே உள்ளே அழைத்துவிட்டால், கடிகாரம் வேகமாக ஓடத் தொடங்கிவிடும். தாய்க்கும் நமக்கும் பொறுமை போய்விடும். தேவையில்லாத மருந்தும் தேவையில்லாத கத்தியும் அந்தப் பொறுமையின்மையிலிருந்துதான் வருகின்றன என்பது என் உறுதியான கருத்து. வார்டில் நடக்கச் சொன்னோம். சாப்பிடச் சொன்னோம். அவருடைய அம்மாவை உடன் இருக்க வைத்தோம்.

வாசலும் அலமாரியும்

மாணவிகள் பிரசவம் என்றாலே சென்டிமீட்டரை எண்ணுகிறார்கள். மூன்று, நான்கு, ஐந்து. கருப்பை வாய் விரிவது பாதிக் கதைதான். மீதிப் பாதி, குழந்தை திரும்புவது.

லயத்து வீட்டு வாசலில் பெரிய அலமாரியை உள்ளே கொண்டுபோனவர்களுக்கு இது புரியும். நேராகத் தள்ளினால் நுழையாது. ஒரு பக்கம் சாய்த்து, அரைத் திருப்புத் திருப்பி, உள்ளே போனதும் மறுபடி நிமிர்த்த வேண்டும். இடுப்புக்கூடும் அப்படித்தான். நுழைவாயில் குறுக்குவாட்டில் அகலம் அதிகம்: குறுக்கே சுமார் 13 சென்டிமீட்டர், முன்பின்னாக 11. நடுக்குழியில் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய 12. வெளிவாயிலில் கதை தலைகீழ்: முன்பின்னாக 13, குறுக்கே 11. ஆகவே தலை குறுக்காகவோ சாய்வாகவோ நுழைந்து, முன்பின்னாகத் திரும்பி வெளியே வர வேண்டும். வேறு வழி கிடையாது.

தலைக்கும் அளவு உண்டு. முகவாய் மார்பில் படும்படி குழந்தை தலையை நன்றாக மடக்கினால், வாசலுக்குக் காட்டும் விட்டம் 9.5 சென்டிமீட்டர். மடக்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தால் 11.5. நெற்றியை முன்னால் நீட்டினால் 13.5, அது கீழ்வழியாக வரவே முடியாத அளவு. இரண்டு சென்டிமீட்டர் என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். ஒரு தாய் தன் வலியாலேயே பெறுவதற்கும் அறுவைக்குப் போவதற்கும் இடையில் நிற்பது பல நேரம் அந்த இரண்டு சென்டிமீட்டர்தான்.

பிடரி முன்பக்கம் இருக்கும் குழந்தை இயல்பாகவே தலையை மடக்கும். பிடரி பின்னால் இருக்கும் குழந்தையின் முதுகெலும்பு தாயின் முதுகெலும்போடு முட்டுகிறது; அதனால் நிமிர்ந்து நிற்கப் பார்க்கிறது; மடங்கல் குறைகிறது. தலை இடுப்பின் அடித்தசையைத் தொடும்போது எந்தப் பகுதி முதலில் படுகிறதோ, அதுவே முன்பக்கம் திரும்பும். இதுதான் விதி, இதை மட்டும் மனப்பாடம் செய்தால்கூடப் போதும். தலை நன்றாக மடங்கியிருந்தால் பிடரி முதலில் படும். அது வட்டத்தின் எட்டில் மூன்று பங்கு, அதாவது 135 பாகை சுற்றி முன்னால் வரும். மடங்காவிட்டால் முன்தலை முதலில் படும். பிடரி பின்னாலேயே தங்கி, குழந்தை வானத்தைப் பார்த்தபடி பிறக்கும். பாதி வழியில், குறுக்காக நின்றுவிட்டால் கருவியோ அறுவையோ தேவைப்படும். பிடரி முன்பக்கம் உள்ள குழந்தைக்குச் சுற்ற வேண்டியது எட்டில் ஒரு பங்கு மட்டுமே. இந்தப் பெண்ணின் குழந்தைக்கு மூன்று மடங்குப் பயணம் இருந்தது. பெரும்பாலான பின்பிடரிக் குழந்தைகள் அந்தப் பயணத்தைத் தாமாகவே முடித்துவிடுகின்றன. அவசரப்படாமல் அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

பகல் 12.30 முதல் மாலை வரை

நான்கு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 4 சென்டிமீட்டர். பத்து நிமிடத்தில் மூன்று சுருக்கம். விரல் நுனிக்கு உச்சிக்குழி எளிதாக எட்டியது, தாயின் இடப்பக்கம் முன்னால். நான்கு கோடுகள் கூடும் சாய்சதுரம் உச்சிக்குழி. மூன்று கோடுகள் கூடும் சின்ன முக்கோணம் பிடரிக்குழி. உச்சிக்குழி எளிதாக அகப்படுகிறது என்றால் தலை சரியாக மடங்கவில்லை என்று பொருள். அது இடப்பக்கம் முன்னால் இருக்கிறது என்றால் பிடரி வலப்பக்கம் பின்னால். காலையில் அடிமுதுகு சொன்னதை இப்போது விரல் உறுதிப்படுத்தியது.

அன்று எங்கள் வழக்கப்படி 4 சென்டிமீட்டரில், பிரசவத்தின் போக்கை மணிக்கணக்கில் வரைந்து காட்டும் பார்டோகிராம் படிவத்தைத் தொடங்கினோம். உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரையில் தீவிரப் பருவம் 5 சென்டிமீட்டரில் தொடங்குவதாக வரையறுக்கிறது. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் விரிய வேண்டும் என்பதை எல்லாத் தாய்க்கும் பொருந்தும் அளவுகோலாகக் கொள்ளக் கூடாது என்றும் சொல்கிறது. 2020இல் வந்த புதிய பிரசவப் பராமரிப்புப் படிவம் அதற்கேற்ப அமைந்தது. படிவம் எதுவானாலும், அது எங்கிருந்து வந்தது என்று மாணவிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கருப்பை வாய் விரிவை நேரத்துக்கு எதிராக வரைந்து காட்டியவர் 1950களில் அமெரிக்க மருத்துவர் இமானுவேல் ஃபிரீட்மன். அந்த வரைபடத்தில், தாமதத்தை முதலில் காட்டும் எச்சரிக்கைக் கோடும், அதற்கு நான்கு மணி நேரம் வலப்புறம், தலையிட வேண்டிய நேரத்தைக் காட்டும் செயற்கோடும் போட்டவர்கள் ஃபில்பாட், காசில் என்னும் இரு மருத்துவர்கள். 1972இல் அன்றைய ரொடீசியாவில், தொலைதூரக் கிளினிக்கில் இருக்கும் மருத்துவச்சி எந்த நேரத்தில் தாயைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிவதற்காகவே அவர்கள் அதை வடிவமைத்தார்கள். நம் தோட்டப்புறத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவி வேறில்லை. பின்னர் உலகச் சுகாதார நிறுவனம் அதை இந்தோனேசியா, தாய்லாந்து, மலேசியா ஆகிய மூன்று நாடுகளில் 35,484 தாய்மாரிடம் சோதித்தது. 1994இல் வெளியான முடிவின்படி நீடித்த பிரசவம் 6.4 விழுக்காட்டிலிருந்து 3.4 ஆகக் குறைந்தது. அந்த எண்ணிக்கையில் நம் நாட்டுத் தாய்மாரும் இருக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறேன். அந்தத் தாளை நிரப்புவது எழுத்தர் வேலை என்று எந்த மாணவியும் நினைக்கக் கூடாது.

பிற்பகல் 2.30க்குப் பனிக்குடம் தானாக உடைந்தது. நீர் தெளிவாக இருந்தது. பனிக்குடம் உடைந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை துணியை மாற்றுவது அல்ல, குழந்தையின் துடிப்பைக் கேட்பது. தலை இன்னும் மேலே இருக்கும்போது நீரோடு தொப்புள்கொடியும் நழுவி இறங்கக்கூடும். துடிப்பு 142. உள்ளே கொடி தட்டுப்படவில்லை. விரிவு 5 சென்டிமீட்டர். எச்சரிக்கைக் கோட்டுக்கு ஒரு மணி நேரம் வலப்புறம் வந்துவிட்டோம். மருத்துவ அதிகாரியிடம் சொன்னோம். செயற்கோட்டுக்கு இன்னும் மூன்று மணி நேர இடைவெளி இருந்தது, தாயும் குழந்தையும் நலம், சுருக்கங்கள் வலுக்கின்றன. சுருக்கத்தைக் கூட்டும் ஆக்ஸிடோசின் சொட்டு மருந்து வேண்டாம், காத்திருக்கலாம் என்று அவர் முடிவு செய்தார். பின்பிடரி என்று முன்பே தெரிந்திருந்ததால்தான் அந்தத் தாமதத்துக்குக் காரணம் இருந்தது. காரணம் தெரிந்த தாமதம் பதற்றத்தை உண்டாக்குவதில்லை.

அந்த மூன்று மணி நேரமும் அவர் மல்லாந்து படுக்கவே இல்லை. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, அதைக் கட்டிக்கொண்டு முட்டிபோட்டு இருந்தார். ஒவ்வொரு வலியிலும் அவருடைய அம்மா உள்ளங்கையின் அடிப்பகுதியால் திரிக எலும்பை அழுத்திப் பிடித்தார். முட்டிபோட்டால் குழந்தை திரும்பிவிடும் என்று ஆய்வுகள் உறுதி கூறவில்லை. ஆனால் அடிமுதுகு வலி குறையும். வலி குறைந்தால் தாய் இறுகாமல் மூச்சு விடுவார். எனக்கு அது போதும். இரண்டு மணிக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க வைத்தோம். தலை இறங்கும் வழியில் நிறைந்த சிறுநீர்ப்பை ஒரு தடுப்பணை. வலியைத் தணிக்கும் என்டோனாக்ஸ் வாயுவை வலியின் உச்சத்தில் அல்ல, வலி தொடங்கும் அறிகுறியிலேயே இழுக்கச் சொல்லிக் கொடுத்தோம். அது வேலை செய்ய அரை நிமிடமாவது வேண்டும்.

“வெளிக்கு வருகிறது”

மாலை 5.30. “மிஸ்ஸி, வெளிக்கு வருகிறது. கழிவறைக்குப் போக வேண்டும்” என்றார். மாணவி உடனே செருப்பை எடுத்து வைத்து, கையைப் பிடித்து எழுப்பத் தொடங்கினாள். அன்பான பெண். மலம் வருகிறது என்று ஒரு தாய் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

பிரசவத்தில் இருக்கும் தாய் வெளிக்கு வருகிறது என்று சொன்னால், கழிவறைக்கு அனுப்புவதற்கு முன் பரிசோதியுங்கள். பெருங்குடலின் கடைசிப் பகுதியை அழுத்துவது குழந்தையின் தலையாக இருக்கலாம். கழிவறையில், யாரும் இல்லாமல், குழந்தை பிறந்த நிகழ்வுகள் அனுபவமுள்ள எந்தத் தாதிக்கும் தெரியும். படித்த தாய் அதை வேறு சொல்லில் சொல்வார். தோட்டத்துத் தாய்க்கு அது வெளிக்கு வருவதுதான். நம் வேலை அந்தச் சொல்லின் பொருளை அறிந்திருப்பது.

பரிசோதித்தோம். விரிவு 8 சென்டிமீட்டர். தலை முட்களின் மட்டத்துக்கு வந்திருந்தது. முன்பக்கத்தில் கருப்பை வாயின் உதடு தடிமனாக இருந்தது. குழந்தையின் மண்டையோட்டு நடுத்தையல் இப்போது குறுக்காகக் கிடந்தது: பிடரி பின்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு வந்துவிட்டது. பயணத்தின் முதல் பகுதி முடிந்திருந்தது.

ஆனால் முக்கும் நேரம் வரவில்லை. பின்பிடரிக் குழந்தையின் பிடரி பெருங்குடலை முன்னதாகவே அழுத்துவதால், கருப்பை வாய் முழுதும் விரிவதற்கு முன்பே முக்கும் உணர்வு வந்துவிடும். அப்போது முக்கினால், தலைக்கும் இடுப்பெலும்புக்கும் இடையில் அந்த உதடு நசுங்கி வீங்கும். வீங்கிய வாய் விரியாது. மாணவி “முக்குங்கள் அக்கா” என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். பிரசவ அறைக்கு வெளியே பாட்டியும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே குனிந்து, “தங்கச்சி, இப்போது முக்கக் கூடாது. சூடான தேநீரை ஊதுவது போல ஊதி விடு” என்றேன். இடப்பக்கம் சரித்துப் படுக்க வைத்தோம். ஒவ்வொரு வலியிலும் அவரோடு சேர்ந்து நானும் மாணவியும் ஊதினோம். பத்து நிமிடத்துக்கு நான்கு சுருக்கம், ஒவ்வொன்றும் 45 விநாடி. உடலே முக்கச் சொல்லும்போது முக்காமல் இருப்பதைப் போலக் கடினமான வேலை வேறு இல்லை. அவர் இரண்டு மணி நேரம் அதைச் செய்தார். அந்த இரண்டு மணி நேரத்துக்கான முழுப் பெருமையும் அவருக்குத்தான்.

இரண்டாம் கட்டம்

இரவு 7.40. கருப்பை வாய் முழுவிரிவு. தலை முட்களுக்கு 1 சென்டிமீட்டர் கீழே. பிடரி வலப்பக்கம் முன்னால். பிடரிக்குழி எளிதாகத் தொட்டது, உச்சிக்குழி எட்டவில்லை. தலை மடங்கிவிட்டது.

முழுவிரிவு என்றதும் “முக்கு, முக்கு” என்று கூச்சலிடுவது நம் அறைகளில் இன்னும் இருக்கிறது. தாய்க்கு உணர்வு வரும்வரை பொறுத்தோம். முதல் பிரசவத்தில் இரண்டாம் கட்டம் பொதுவாக மூன்று மணி நேரத்துக்குள் முடியும், அடுத்தடுத்த பிரசவங்களில் இரண்டு மணிக்குள். நமக்கு நேரம் இருந்தது. 8.05 அளவில் அவராகவே முக்கத் தொடங்கினார். ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும், சுருக்கம் முடிந்த உடனே, துடிப்பைக் கேட்டோம். 126, 130, 134.

தலை தெரிந்தது. வலியில் முன்வந்து, வலி விட்டதும் பின்வாங்கிற்று. இந்தப் பின்வாங்கல் புதிய மாணவியைப் பயமுறுத்தும். தசை மெல்ல விரிவதற்கு அதுதான் உதவுகிறது. வெதுவெதுப்பான ஈரத்துணியை அடித்தசை மீது வைத்திருந்தோம். கடுமையான கிழிசல் குறைய அது உதவும். 8.50க்குப் பிறகு தலை பின்வாங்கவில்லை. உச்சி பிறப்பு வாயிலில் மகுடம்போல் நின்றது. இங்கிருந்து நடந்ததை மாணவி கண்ணெதிரே பார்க்கும்படி நான் ஒரு கையைத் தளர்த்தி, அவளை அருகே அழைத்தேன்.

பிடரி, தாயின் இடுப்புக்கூட்டின் முன்புறத்தில் உள்ள பூப்பெலும்பின் கீழே ஊன்றிக்கொண்டது. அதை அச்சாகக் கொண்டு தலை நிமிர்ந்தது: உச்சி, நெற்றி, மூக்கு, வாய், முகவாய் என்ற வரிசையில் வெளியே வந்தது. இது நிமிர்தல். முகம் அப்போது தாயின் முதுகுப் பக்கம், கட்டிலைப் பார்த்து இருந்தது. வெளியே வந்த தலை, முறுக்கு விடுபட்டதுபோல் தானே எட்டில் ஒரு பங்கு திரும்பியது. தோளோடு கழுத்து மீண்டும் நேராகியது. இது மீள்திருப்பம். பிறகு தோள்கள் உள்ளே முன்பின்னாகத் திரும்ப, வெளியே தலை அதே திசையில் இன்னும் எட்டில் ஒரு பங்கு திரும்பித் தாயின் இடத்தொடையைப் பார்த்தது. இது வெளிச்சுழற்சி. யாரும் திருப்பவில்லை. திருப்பக் கூடாது. பல மாணவிகள் இந்த இடத்தில் கையைக் கொண்டுபோய்த் தலையைத் திருப்பிவிடுகிறார்கள், அதுவும் பல நேரம் தவறான திசையில். அடிவயிற்றைத் தொட்ட காலையிலிருந்தே முதுகு வலப்பக்கம் என்று தெரிந்தவளுக்கு முகம் இடத்தொடையைத்தான் பார்க்கும் என்பதும் தெரிந்திருக்கும்.

கழுத்தில் தொப்புள்கொடி ஒரு சுற்று. தளர்வாக இருந்தது, விரலால் எடுத்துத் தலைக்கு மேலே கழற்றிவிட்டேன். தலையை மெதுவாகக் கீழ்நோக்கி வழிநடத்த முன்தோள் வந்தது. மேல்நோக்கி உயர்த்தப் பின்தோள் வந்தது. உடல் பக்கவாட்டில் வளைந்து வழுக்கிக்கொண்டு தாயின் வயிற்றின் மேல் சேர்ந்தது. நேரம் 8.58. பெண் குழந்தை. எடை பிறகு பார்த்தபோது 3.1 கிலோ. உடனே அழுதது. பிறந்த குழந்தையின் நலத்தைப் பத்துக்கு மதிப்பிடும் அப்கார் மதிப்பெண் முதல் நிமிடம் 8, ஐந்தாம் நிமிடம் 9.

பிறகு வெளியே வந்து பாட்டியிடம் செய்தி சொன்னபோது, கொடி சுற்றியிருந்ததையும் யாரோ சொல்லிவிட்டார்கள். “மாலை போட்டுப் பிறந்தால் மாமனுக்கு ஆகாதே அம்மா” என்று அவர் முகம் வாடிற்று. ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்குக் கழுத்தில் கொடி சுற்றியிருக்கும் பாட்டி, அப்படியானால் இந்தத் தோட்டத்தில் ஒரு மாமனும் மிஞ்சியிருக்க முடியாது என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, எண்ணெயில் முகம் பார்க்கும் சடங்கை மட்டும் செய்துகொள்வதாகச் சொன்னார். அதனால் யாருக்கும் தீங்கில்லை. தடுக்கவில்லை.

மூன்றாம் கட்டமும் அதற்குப் பின்னும்

குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள், வயிற்றில் இன்னொரு குழந்தை இல்லை என்று தொட்டுப் பார்த்துவிட்டு, தொடையில் ஆக்ஸிடோசின் 10 அலகு ஊசி. கொடியை உடனே வெட்டவில்லை. இரண்டு நிமிடம் கழித்துக் கவ்வி போட்டோம். அந்த நேரத்தில் குழந்தைக்குப் போய்ச்சேரும் இரத்தம் அதன் இரும்புச்சத்துக்கு முதலீடு. ஹீமோகுளோபின் 10.8 என்று சற்றுக் குறைவாக உள்ள தாயின் குழந்தைக்கு அது கூடுதலாகத் தேவை.

கருப்பை உருண்டு மேலேறியது. சட்டென்று கொஞ்சம் இரத்தம் வந்தது. வெளியே தொங்கிய கொடி நீண்டது. நஞ்சுக்கொடி பிரிந்ததன் அடையாளங்கள். கருப்பை இறுகியிருக்கும்போது மட்டும், ஒரு கையால் பூப்பெலும்புக்கு மேலே கருப்பையைப் பின்னுக்குத் தாங்கிக்கொண்டு, மறு கையால் கொடியை நிதானமாக இழுத்தோம். தளர்ந்த கருப்பையில் இழுத்தால் அது உள்புறம் வெளிப்புறமாகப் புரண்டுவிடும். தாய் சில நிமிடத்தில் அதிர்ச்சி நிலைக்குப் போய்விடுவார். 9.07க்கு நஞ்சுக்கொடி முழுமையாக வந்தது. மடல்கள் எல்லாம் இருந்தன, சவ்வு முழுமை, கொடியில் இரண்டு தமனி, ஒரு சிரை. இரண்டாம் நிலைக் கிழிசல் சின்னதாக இருந்தது. மரத்துப்போகும் ஊசி போட்டுத் தைத்தோம். இரத்த இழப்பு சுமார் 300 மில்லிலீட்டர்.

எல்லோரும் மகிழ்ச்சியில் இருந்தார்கள். குழந்தை மார்பில் பால் தேடியது. தாய் கண்ணயர்ந்தார். காலையிலிருந்து தன் உடலில் நடப்பதையெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தவர், இப்போது ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் கட்டம் என்று நாம் சொல்லும் முதல் இரண்டு மணி நேரத்தில் பேச வேண்டியது நம் கை. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நாடி, இரத்த அழுத்தம், கருப்பையின் இறுக்கம், இரத்தப்போக்கு. 9.45க்கு மாணவி வயிற்றைத் தொட்டாள். கருப்பை தொப்புளுக்கு மேலே, வலப்பக்கம் ஒதுங்கி, பிசைந்த மாவைப் போல மெத்தென்று இருந்தது. துணியை விலக்கிப் பார்த்தால் பஞ்சு முழுக்க நனைந்திருந்தது.

“சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறது மிஸ்ஸி” என்று அவளே சொன்னாள். கருப்பையைத் தேய்த்து இறுக்கிக்கொண்டே குழாய் வழியாகச் சிறுநீரை எடுத்தோம், 500 மில்லிலீட்டர். கருப்பை கையின் கீழே பந்துபோல் இறுகி, தொப்புளுக்குக் கீழே நடுவில் வந்து நின்றது. மொத்த இழப்பு 450. ஐந்நூறைத் தாண்டினால் அதைப் பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கு என்கிறோம். இன்னும் கால்மணி நேரம் யாரும் தொடாமல் விட்டிருந்தால் எல்லையைத் தாண்டியிருக்கும். மலேசியாவில் தாய் மரணங்களை ஒவ்வொன்றாக ஆராயும் இரகசிய விசாரணை முறை 1991இல் தொடங்கியது. அதன் தொடக்க அறிக்கைகளில் முன்வரிசையில் நின்ற காரணம் இந்த இரத்தப்போக்கு. அது பெரும்பாலும் இப்படித்தான், எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கும் நேரத்தில், போர்வைக்கு அடியில் தொடங்குகிறது.

மூன்றாம் நாள் வீடு போனார். சமூகத் தாதி லயத்துக்குப் போய்ப் பார்த்தபோது பாட்டி குழந்தையின் தலையை எண்ணெய் தடவி அழுத்தி உருட்டிக்கொண்டிருந்தாராம். இடுப்பெலும்புக்கு இடையில் ஒடுங்கி வந்ததால் தலை பின்னால் நீண்டிருந்தது. சில நாளில் தானே சீராகும், அழுத்த வேண்டாம் என்று சொல்லித் தடுத்திருக்கிறார். முதுகு ஏன் அப்படிப் பிளந்தது என்றும் பாட்டி கேட்டிருக்கிறார். குழந்தை முகத்தை முன்பக்கம் வைத்துக்கொண்டு இறங்கத் தொடங்கியது என்று விளக்கியதும், தன் ஐந்தாவது பிள்ளைக்கும் அப்படித்தான் இருந்தது, லயத்து மருத்துவச்சி தன்னை ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கம்பளியை மடித்து முதுகில் முட்டுக்கொடுத்தாள் என்றாராம்.

அந்த மாணவியின் நிகழ்வுக் குறிப்பேட்டைப் பிறகு திருத்தினேன். சேர்க்கை நேரத் தகவலில் பழைய இரண்டு மலாய்ச் சொற்களை அடித்துவிட்டு, அதன் கீழே தமிழ் எழுத்திலேயே எழுதியிருந்தாள்: வயிறு அவ்வளவாக வலிக்கவில்லை, அடிமுதுகுதான் பிளக்கிறது. பக்கத்தில் மலாயில்: பின்பிடரி நிலையா என்று பார்க்கவும்.